உள்பக்கத் தையல்

புரோக்கர் கதவைத் திறந்ததும் அம்மா வாசலைத்தான் குனிந்து பார்த்தாள்.

"படியே கிடையாதும்மா. தெருவும் வீடும் ஒரே மட்டம். வயசானவங்களுக்கு ரொம்பத் தோது," என்றார் அவர்.

வயசானவங்க என்று யாராவது சொன்னால் அம்மா சும்மா விடமாட்டாள். 'உங்க பாட்டன்கிட்ட சொல்லுங்க' என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். அன்று ஒன்றும் சொல்லவில்லை. கதவின் அகலத்தைக் கையை விரித்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த வீட்டை அதற்கு முன்பும் பார்த்திருந்தோம். விலை பேசியாகிவிட்டது. அன்று ஒப்பந்தத்தில் நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். அம்மா தன் வீட்டை விற்கச் சம்மதித்திருந்தாள். அப்பா போன பிறகு, ஊர் உடுப்பையெல்லாம் தைத்து அவள் வாங்கிய வீடு அது. அதை விட்டால் அவளுக்கு வேறு கூரை கிடையாது. மீதித் தொகைக்கு என் சம்பளத்தின் பேரில் வங்கிக் கடன். நான் பஸ் ஓட்டுகிறேன். ஓட்டும்வரை தவணை போகும். ஓட்ட முடியாமல் போனால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும், அம்மா தெருவில் நிற்பாள். தனியாக இருக்கும்போது இதை நினைத்துப் பார்ப்பேன். பிறகு, அம்மாவுக்குத் தள்ளாமை வரும்முன் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் முறை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்வேன்.

பின்னறையில் அம்மா நின்றிருந்தாள். கழிவறை அதை ஒட்டியே இருந்தது.

"கட்டிலை இந்தச் சுவரோரமா போடலாம். ராத்திரி எழுந்தா சுவரைப் பிடிச்சுக்கிட்டே போயிடலாம்."

"இதை நீயே எடுத்துக்கோம்மா. நான் முன்னறையில இருந்துக்கறேன்."

அவள் அந்தச் சுவரை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். அம்மாவின் மௌனங்களை எனக்கு வகை பிரிக்கத் தெரியும். கோபத்தின் மௌனம், கணக்குப் போடும் மௌனம், ஊசியில் நூல் கோக்கும்போது வரும் மௌனம். இது அவற்றில் எதுவும் இல்லை.

அறை புழுங்கியது. ஜன்னல் பல நாள் திறக்காமல் இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் முட்டி வெளியே தள்ளினேன். ஜன்னல் திறக்கவில்லை, என் சீருடைச் சட்டைதான் விலாப்பக்கம் நீளமாகப் பிரிந்தது.

"டிப்போ வேலையிலயும் கிழியாத சட்டை," என்று சிரித்துக்கொண்டே கிழிசலைத் திருப்பிப் பார்த்தேன்.

உள்ளே துணி மடிந்து கிடந்தது. ஒரு விரல் அகலம் இல்லை, என் உள்ளங்கை அகலம். அதில் பழைய தையலின் ஊசித்துளைகள் ஒரு வரிசை. அதற்கு உட்புறம் இன்னொரு வரிசை. அதற்கும் உட்புறம் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் தையலைப் பிரித்து, கொஞ்சம் உள்ளே பிடித்து, மறுபடி தைத்திருக்கிறாள். மறுபக்கமும் அப்படியே. பேன்ட்டின் இடுப்பிலும் அப்படியே.

என் உடுப்பு முழுவதும் அம்மா தைப்பது. வாரக் கடைசியில் அவளிடம்தான் துவைக்கக் கொடுப்பேன். இஸ்திரி போட்டுத் திரும்பி வரும்; அளவெடுத்தது போல் பொருந்தும். 'என்னக்கா, பாதி ஆளைக் காணோம்? டிக்கெட்டும் பாதிதான் கிழிக்கணுமா?' என்று கண்டக்டர் கேலி செய்தபோதெல்லாம் சட்டையை இழுத்துக் காட்டி, 'பாரு, அதே சட்டை, அதே ஆளு' என்றிருக்கிறேன். கண்ணாடி பொய் சொல்லலாம், சட்டை பொய் சொல்லாது என்று நம்பும் வீட்டில் வளர்ந்தவள் நான்.

"எப்போலேர்ந்தும்மா?"

"மெதுவாப் பேசு. அவர் கூடத்துல இருக்கார்."

"எப்போலேர்ந்துன்னு கேக்கறேன்."

"மழைக்கு முன்னாடியிருந்து." என் முகத்தைப் பார்க்காமல் கிழிசலைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "முதல் தடவை கை தானா தைச்சிடுச்சு. அளவு எடுக்கறவ உடம்பைப் பத்தி வாய் திறக்கக் கூடாதுன்னு பழகின கை. இளைச்சா பிடிச்சுத் தை, பெருத்தா பிரிச்சு விடு. அவ்வளவுதான். ரெண்டாம் தடவைதான் பயம் வந்தது."

"சொல்லியிருக்கலாமே. டாக்டர்கிட்ட போயிருப்பேனே."

"போயிருப்பே. அவர் ஏதாவது எழுதிக் கொடுத்திருப்பார். அப்புறம் எந்த பேங்க் உனக்குக் கடன் கொடுக்கும்?"

அவள் சொன்ன சுவரைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"உங்கப்பா சட்டையையும் இப்படித்தான் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சேன்," என்றாள். "வாடகை வீடு. படுத்த படுக்கையா கிடந்தப்போ வீட்டுக்காரன் வந்து, எதுவா இருந்தாலும் வெளிய வெச்சுக்கோங்கன்னான். அந்த வார்த்தையை நான் ரெண்டாம் தடவை கேக்க மாட்டேன்டி. முதல்ல வீடு. மத்ததெல்லாம் அப்புறம்."

"எனக்கு ஏதாவதுன்னா உனக்கு இந்த வீடும் இருக்காது, அந்த வீடும் இருக்காது. புரியுதா?"

"எனக்கு எதுக்குடி வீடு?"

கூடத்திலிருந்து புரோக்கர் குரல் கொடுத்தார். "என்ன, அம்மாவும் பொண்ணும் இப்பவே குடிவந்துட்டீங்களா?"

அம்மா பையிலிருந்த துண்டை எடுத்து என் தோளைச் சுற்றிக் கிழிசலை மறைத்தாள். கூடத்துக்குப் போய், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். நிதானமான கை. பேனாவை என் பக்கம் நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

நான் வாங்கவில்லை. அவள் போட்டதற்குப் பக்கத்தில் என் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. அது நிரம்பாதவரை அவள் வீடு அவளுடையது. புரோக்கர் கொஞ்சம் பயந்துபோய் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னைக்குப் போடலைங்க," என்றேன். "முதல்ல ஒரு இடத்துக்குப் போகணும். இங்க பக்கத்துல ஆஸ்பத்திரி எதுவும் இருக்கா?"

அவர் முகம் மலர்ந்தது. வீட்டின் பெருமையைச் சொல்ல ஒரு வாய்ப்பு.

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? இந்தத் தெரு முனையிலதான். பெரிய ஆஸ்பத்திரி, எல்லா வைத்தியமும் உண்டு. அம்மா முதல் நாள் போன்ல கேட்டதே அதைத்தானே! எத்தனை ரூம்னு கூடக் கேக்கலை."

அம்மா பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"நானும் வரேன்," என்றாள். "உள்ளே எந்தப் பக்கம் போகணும்னு உனக்குத் தெரியாது."