பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆறு

செனகல் ஆற்றின் போதோர் துறையில் மக்ரிப் தொழுகை முடிந்து இருட்டத் தொடங்கிவிட்டால், ஆற்றிலிருந்து வருகிறவன் கரையில் இருப்பவர்களைத் திட்டிக்கொண்டுதான் வர வேண்டும். முறைக்காரி இருந்தால், ‘எங்க வீட்டு அடிமையே, எழுந்து வந்து கயித்தைப் பிடி’ என்பான். மற்றவர்களைக் கேலியாகப் பயறு தின்னிகள் என்பான். அவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். வெறும் பெயரைச் சொல்லி ஒரு குரல் வந்தால் யாரும் திரும்ப மாட்டார்கள், பதிலும் சொல்ல மாட்டார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யார் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். படிகளுக்கு மேலே பழைய பிசின் கிடங்கு இருக்கிறது. இப்போது மாடியில் சுற்றுலாக்காரர்கள் தங்குகிறார்கள், கீழே அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறது. பிசின் வியாபாரத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் அந்தக் கீழறையில் மனிதர்களை அடைத்துவைத்தான். படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோனான். போனவர்கள் இன்னும் தண்ணீரிலிருந்து தங்கள் ஆட்களைக் கூப்பிடுகிறார்கள், பதில் சொன்னால் இழுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. எங்கள் ஊரில் பிறந்த வரிசைப்படிதான் பெயர். நாலாவது மகன் யேரோ, நாலாவது மகள் தக்கோ. அவர்கள் காலத்திலும் ஒரு தக்கோ இருந்திருப்பாள், இன்றைக்கும் இருக்கிறாள். அவர்கள் வாயில் வராதது கேலி ஒன்றுதான். அடிமை என்ற சொல் அவர்களுக்கு வேடிக்கை இல்லையே.

இன்றைய தக்கோ, அக்கரைக்குப் படகு ஓட்டும் யேரோவின் மனைவி. யேரோ அவளுக்கு அத்தை மகன். எங்களிடம் மாமன் மகளும் அத்தை மகனும் ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணாமல் இருந்தால்தான் குற்றம். சாவு வீட்டில்கூட அந்த உரிமை உண்டு. போன மாதம் தக்கோவின் அண்ணன் சம்பா இறந்தபோது, யேரோ வாசலில் நின்றுகொண்டு, “பார்த்தீங்களா, சோத்தைத் தின்னுட்டுச் சட்டியைக் கழுவாமப் போயிட்டான் இந்த அடிமை” என்றான். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வைப்பதுதான் அவன் கடமை.

தக்கோவால் சிரிக்க முடியவில்லை. “இனிமே எங்கிட்ட ஒரு கேலி பேசினா, நீ எனக்கு மச்சானும் இல்லை, புருஷனும் இல்லை” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். யேரோ குரான் மேல் சத்தியம் செய்தான். அன்றிலிருந்து அவளை நீங்க, வாங்க என்றான். “சாப்பிட்டீங்களா? களைப்பா இருக்கா?” அந்நிய வீட்டில் குடியிருப்பதுபோல் ஆகிவிட்டது தக்கோவுக்கு. ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகும். ஆனால் அவளுக்கு வீம்பு.

ஒரு நாள் மாலை புழுதிக்காற்று. அக்கரை தெரியவில்லை. அங்கே ஆட்களை இறக்கிவிட்டு யேரோ தனியாகத் திரும்ப வேண்டும். தக்கோவும், யேரோவைப் பெற்றவளான அவளுடைய அத்தை ஜெய்னபாவும், பக்கத்து வீட்டு ராக்கியும் துறையில் அடுப்பு மூட்டித் தேநீர் கொதிக்க வைத்திருந்தார்கள். ராக்கி தன் புருஷனின் குறட்டையை நடித்துக் காட்ட, ஜெய்னபா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

“தக்கோ.”

ஆற்றிலிருந்து வந்தது. சிரிப்பு அறுந்தது. மூவரும் அடுப்பையே பார்த்தார்கள்.

“தக்கோ... அம்மா...”

ஜெய்னபா கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தாள். “எம்புள்ள குரல்லயே வருதே” என்று முணுமுணுத்தாள். “எல்லாத்தையும் தெரிஞ்சு வெச்சிருக்குதுங்க.”

“அத்தை, அது அவருதான்.”

“அவனா? அவனா இருந்தா இந்நேரம் உன் வம்சத்தையே திட்டி முடிச்சிருப்பான்.”

“நான்தானே வேண்டாம்னு சொன்னேன்.”

“என்னையும் இழுக்க அம்மான்னு கூப்பிடுது, கேட்டேல்ல? உக்காரு.” அத்தையின் கை வந்து தக்கோவின் வாயைப் பொத்தியது. பெற்றவளுக்கே சந்தேகம் இருந்தது, அதைவிடப் பெரிதாகப் பயம் இருந்தது.

தக்கோ கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். “அடிமையே! எங்கப்பன் வீட்டு அடிமையே! எங்கடா இருக்கே?” என்று இருட்டைப் பார்த்துக் கத்தினாள்.

பதில் இல்லை.

“பாத்தியா? கேலிக்குக் கேலி வரல. போகாதடி, உன்னையும் இழுத்துக்கும்” என்று ராக்கி முந்தானையைப் பிடித்தாள். துணி கிழிந்தது. தக்கோ ராக்கி வீட்டு மீன்படகை அவிழ்த்துத் துடுப்பைப் போட்டாள். தான் போவது புருஷனிடமா, மற்றவர்களிடமா என்று அவளுக்கே நிச்சயம் இல்லை.

காற்றில் கவிழ்ந்த படகின் முதுகில் அவன் ஒட்டிக்கொண்டு கிடந்தான். ஒரு கை நசுங்கித் தொங்கியது. சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டாள். தண்ணீரைக் கக்கிவிட்டு, “வந்துட்டீங்களா” என்றான் யேரோ.

அந்த ‘நீங்க’ அவளைச் சுட்டது. “ஏன்யா திட்டலை? எனக்குப் பண்ணின சத்தியத்துக்காகவா? பாவி, செத்திருப்பியே.”

“சத்தியமா? அது நெனப்புலயே இல்லை.” அவனுக்குப் பல் தந்தியடித்தது. “மூச்சு முட்டறப்போ எவனுக்குக் கேலி வரும்? பேருதான் வரும். அம்மா சிரிக்கிறது கேட்டுச்சு. நான் கூப்பிட்டதும் நின்னுச்சு. அது நின்னதும் எனக்குக் கேட்டுச்சு தக்கோ.”

தக்கோ கரையைத் திரும்பிப் பார்த்தாள். இந்தத் துறையில் கேலி வராமல் கூப்பிட்டவர்கள் எத்தனை பேர்? ராக்கியின் தம்பி முழுகிய அன்றும் யாரோ யாரையோ கூப்பிட்டதாகச் சொன்னார்கள். அதற்கும் முன்னால், அந்தக் கீழறையிலிருந்து கட்டி ஏற்றிக்கொண்டு போனபோது அவர்கள் செத்தா போயிருந்தார்கள்? உயிரோடு இருந்து, அக்காவையும் மாமனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். கரையில் இருந்தவர்கள் துப்பாக்கிக்குப் பயந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பேய் ஆனதெல்லாம் பிறகுதான், நமக்கு வசதியாக.

நீரோட்டம் படகைத் துறைக்குக் கீழே தள்ளியது. ஒற்றை ஆளாக அவளால் படகைப் படியோரம் சேர்க்க முடியவில்லை. யாராவது கயிற்றைப் பிடித்தாக வேண்டும்.

“அத்தை!” என்று கூப்பிட்டாள். “அத்தை, கயித்தைப் பிடிங்க!”

கரையில் ராக்கி ஏதோ அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அது சட்டென்று நின்றது. தண்ணீரில் இருந்துகொண்டு அந்த அமைதியை அவள் முதல்முறை கேட்டாள்.

என்ன சொன்னால் எழுந்து வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அடிமைகளே என்று ஒரு சொல், கொஞ்சம் சிரிப்போடு. அந்தச் சொல் நாக்கு வரைக்கும் வந்தது. சொல்ல வாய் வரவில்லை. படிகள் நழுவிக்கொண்டே போயின. “அத்தை” என்றே இன்னொரு முறை கூப்பிட்டாள்.

படியில் தண்ணீர் சளசளத்தது. ஜெய்னபா இடுப்பளவு ஆற்றில் இறங்கி, இரண்டு கைகளையும் இருட்டுக்குள் நீட்டிக்கொண்டு நின்றாள்.

“இருக்கேன்” என்றாள். “இங்கதான் இருக்கேன். வாங்க, எல்லாரும் வாங்க.”

படகில் அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.