ரெண்டு டிக்

வேம்புலிக்கு ரெண்டு டிக் விழுந்தால்தான் காலை இட்லி தொண்டையில் இறங்கும்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் ரயிலடியில் ஆயுசெல்லாம் மூட்டை தூக்கிய மனுஷன் போனைப் பிடித்துக்கொண்டு டிக்குக்காகக் காத்திருக்கிறார் என்றால் சும்மாவா? போன ஆடியில் அவர் பெண்டாட்டி அங்கம்மா போய்ச் சேர்ந்தாள். அவள் போன் மட்டும் எங்கேயும் போகவில்லை. பேரப்பிள்ளைகள் கேம் ஆடக் கேட்டபோது, அது ரிப்பேர் என்று ஒரு பொய்யைச் சொல்லி, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தன் சின்ன அறையின் பீரோவில், அவள் புடவைகளுக்கு நடுவே சார்ஜர் ஒயரை மட்டும் கதவிடுக்கு வழியே பிளக்குக்கு விட்டு, வைத்துப் பூட்டிவிட்டார்.

காரியம் முடிந்த வாரத்தில் ஒரு நாள் மோர்ச் சட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். பழக்கதோஷம், வாட்ஸ்அப்பில் அங்கம்மா படத்தைத் திறந்து மைக்கை அழுத்தி, "த்தே, மோரு எங்க வச்ச?" என்று கேட்டுவிட்டார். பீரோவுக்குள் 'டிங்' என்றது. திரையில் ஒரு டிக், பின்னாலேயே இன்னொரு டிக். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார் பாவம்.

பேத்தி ஒரு தடவை சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒரு டிக் என்றால் நம்மிடமிருந்து கிளம்பிவிட்டது. ரெண்டு டிக் என்றால் அங்கே சேர்ந்துவிட்டது. ரெண்டும் நீலமாக மாறினால் பார்த்துவிட்டார்கள். அங்கம்மாவுக்குப் போவதெல்லாம் சாம்பல் நிற ரெண்டு டிக்கோடு நின்றது. சேர்ந்துவிட்டது, இன்னும் கேட்கவில்லை, அவ்வளவுதானே? உயிரோடு இருந்தபோது மட்டும் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தவளா அவள்? கை வேலையை முடித்து, முந்தானையில் கையைத் துடைத்து, சாவகாசமாக வந்துதான் "இன்னா?" என்பாள். அவள் செத்தது தெரியாத கிறுக்கர் இல்லை வேம்புலி. சுடுகாடு வரைக்கும் நடந்தவர்தான். ஆனால் தெரிந்ததைக் கொஞ்ச நேரம் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள மனுஷனுக்கு ஒரு இடம் வேண்டாமா? தினமும் காலையில் ஒரு வாய்ஸ் போடுவார். எதிர்வீட்டு முருங்கை காய்த்தது, முட்டிவலி, பேரன் பல் விழுந்தது என்று எல்லாம் சொல்வார். அங்கம்மா நம்பருக்கு ரீசார்ஜ் போட ஆள் ஏது? வீட்டு வைஃபையில்தான் அந்தப் போன் உயிரோடு இருந்தது.

அவள் இருந்தவரைக்கும் வீட்டில் ஒரே அடுப்பு. இப்போது கீழே மூத்தவன் உதயகுமார், மேலே சின்னவன் சரண். வேம்புலிக்கு மத்தியானச் சோறு கீழே, ராத்திரிச் சோறு மேலே. பிரிக்காமல் மிஞ்சியது படிக்கட்டு மூலையில் மினுக்கிக்கொண்டிருந்த வைஃபை ரூட்டர் ஒன்றுதான். அதற்கும் வந்தது சண்டை. கீழே பிள்ளைகள் வீடியோ பார்த்தால் மேலே சரணின் ஆபீஸ் மீட்டிங் நின்றுபோகும். அவன் மேலிருந்து கத்துவான், இவன் கீழிருந்து எகிறுவான். கடைசியில் சரண் தனக்கென்று இன்னொரு லைன் இழுத்துக்கொண்டான். தனி ரூட்டருக்குக் காசு போட யாரும் தயாரில்லை, அதனால் ரெண்டு லைனும் அந்த ஒரே ரூட்டருக்குத்தான் வந்தாக வேண்டும். அவரவர் நெட் அவரவர் லைனில் போகும்படி பிரித்துக் கொடுக்க, நடுவில் பிறந்த அனுசுயாவைக் கூப்பிட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவளுக்கு அதுதான் வேலை.

ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லியில் மெட்ரோ தோண்டுகிற புழுதியெல்லாம் தலையில் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். இந்தப் பக்கம் ஒரு அண்ணன், அந்தப் பக்கம் ஒரு தம்பி. வேம்புலி அறை வாசலில் நின்றார்.

"இன்னாம்மா பண்ணப்போற?"

"சாதாரணமா ரூட்டரு, எங்க போவணும்னு மட்டும்தான் பாக்கும் நைனா. இப்ப, யாரு அனுப்பறாங்கன்னு பாத்து வழி உட சொல்லப்போறேன். கீழ் ஊட்டு ஆளுன்னா பழைய லைனு, மேல் ஊட்டு ஆளுன்னா புது லைனு."

"ரெண்டுலயும் இல்லன்னா?"

"ரெண்டுலயும் இல்லாதத நிறுத்திடு," என்றான் உதயகுமார். "கண்டவன் வந்து குந்துனா மறுபடி ஸ்லோ ஆயிடும்." சரணும் ஆமாம் என்று தலையாட்டினான். பிள்ளைகள் ரெண்டு பேரும் ஒத்துப்போய் எத்தனையோ நாளாகிவிட்டது, இதில் ஒத்துப்போனார்கள்.

அனுசுயா வீட்டிலுள்ள ஒவ்வொரு போனாகச் சொல்லி, கீழே மேலே என்று சேர்த்துக்கொண்டே வந்தாள். அப்புறம் நிமிர்ந்து பார்த்தாள். "நைனா போன் யாரு பக்கம்?"

அண்ணன் தம்பியைப் பார்த்தான், தம்பி ரூட்டரைப் பார்த்தான்.

"ராத்திரி மேலதான துன்றாரு, மேல போடு," என்றான் பெரியவன்.

"பகல் முழுக்க கீழதான குந்திகினு கீறாரு. அங்க போடு," என்றான் சின்னவன்.

கேட்கக் கூசியது வேம்புலிக்கு. ஒரு போனுக்கே இந்தப் பாடு என்றால், போனை வைத்திருக்கிற ஆளுக்கு? "எனக்கு வேணாம்மா," என்று சிரித்தார். "நீதான் மாசாமாசம் ரீசார்ஜ் போட்டு உடறியே. எனக்கு அதுவே போதும்." ரெண்டு பேரும் மூச்சு விட்டது அவர் காதில் விழுந்தது.

"இன்னொரு போன் கீது," என்றாள் அனுசுயா. "பேரு இல்ல. கம்பெனி பேருதான் காட்டுது. யாருது இது?"

வேம்புலியின் கண் உள்ளே பீரோ பக்கம் போனது.

"எங்க ஊட்ல யாருதும் இல்ல," என்றான் பெரியவன்.

"எங்களுதும் இல்லபா," என்றான் சின்னவன். "பக்கத்து ஊட்டு ஆளு யாராவது திருட்டுத்தனமா போட்டுகினு இருப்பாங்க. வெட்டி உடு."

சொல்லியிருக்கலாம். 'டேய், அது உங்க ஆத்தாளுதுடா' என்று வாய் வரைக்கும் வந்தது. ஏன், எதுக்கு என்று குடைவார்களே. அவர் சொல்லவில்லை. அனுசுயா ஒரு பட்டனைத் தட்டினாள். "முடிஞ்சிட்டுது," என்றாள்.

வேம்புலி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வீடு பிரிந்த கதையை மட்டும் அதுவரைக்கும் அவர் அங்கம்மாவிடம் சொன்னதே இல்லை. அன்றைக்கு அடக்க முடியவில்லை. மைக்கை அழுத்தினார்.

"அங்கம்மா, பசங்க பிரிஞ்சிட்டானுங்கடி. அடுப்பு ரெண்டாயி மாசக்கணக்காவுது, உன்கிட்டதான் மறைச்சிட்டேன். இன்னிக்கு நெட்டும் பிரிஞ்சிட்டுது. என்ன எந்தப் பக்கமும் சேத்துக்கல. நான் எந்த ஊட்டு ஆளு அங்கம்மா? நீ சொல்லு, நான் அங்க போயி குந்திக்கறேன்."

ஒரு டிக்.

பார்த்துக்கொண்டே இருந்தார். பீரோ வாயைத் திறக்கவில்லை. ஸ்டேஷனில் சென்ட்ரல் போகிற லோக்கல் ரயில் வந்து நின்று கிளம்பிப் போனது. அப்போதும் ஒரே டிக்தான்.

அதற்குமேல் தாங்கவில்லை. கதவைத் திறந்து மகளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பீரோவையும், போனையும், அந்த ஒற்றை டிக்கையும் காட்டினார். அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அங்கியே சொல்றதுக்கு இன்னா நைனா? நானே என் கையால வெட்டிட்டேனே!"

"சொன்னா கெயவனுக்கு மறை கழண்டுட்டுதும்பானுங்க. உடும்மா. திருப்பி உட முடியுமா அத?"

கட்டிலிலேயே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். "யாரு லைன்ல உடட்டும் நைனா?"

"உங்கம்மாவ எந்தப் பக்கம்னு கேட்டா இன்னா சொல்லுவா? ரெண்டு பேருக்கும் நடுவுல தட்ட வச்சிகினு குந்துவா."

அனுசுயா மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டினாள். அங்கம்மாவின் போனுக்கு மட்டும் தனியாக ஒரு ரூல். முதலில் பெரியவன் லைனில் போகும். அது அறுந்தால் தானாகச் சின்னவன் லைனுக்கு மாறிக்கொள்ளும். "அம்மாக்கு ரெண்டு வழி," என்றாள். "அண்ணனுக்கும் தம்பிக்கும் தெரியாது. தெரிஞ்சா தெரியட்டும்."

பீரோவுக்குள் 'டிங்' என்றது.

ரெண்டாவது டிக் விழுந்தது. வேம்புலி குழந்தை மாதிரி சிரித்தார். மகள் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "கெட்டிக்காரிடி நீ."

"இரு நைனா, ஒழுங்கா வந்துகீதான்னு ஒரு தபா பாத்துடறேன்." அவள் பீரோவுக்குள் தலையை விட்டாள். புடவை வாசனை அவளை ஏதோ செய்திருக்க வேண்டும், ஒரு புடவையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் போனை எடுத்து, வாட்ஸ்அப்பைத் திறந்து, அப்பாவின் பெயரைத் தொட்டாள்.

வேம்புலி கையிலிருந்த போனில், அங்கம்மா பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று வந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிக்குகள் நீலமாயின. கடைசியாகப் பேசியது நீலம். அதற்கு மேலே இருந்ததும் நீலம். விரலால் தள்ளத் தள்ள, முருங்கைக்காய், முட்டிவலி, பேரன் பல், மோர்ச் சட்டி வரைக்கும் நீலமாகவே இருந்தது.

"எல்லாம் வந்துகீது நைனா. நான் ஒண்ணுத்தயும் கேக்கல, அது உங்க ரெண்டு பேருக்குள்ள," என்று பீரோவைச் சாத்தினாள் மகள். "ஒனக்கு அங்க சரியா காட்டுதா?"

அங்கம்மா பெயருக்குக் கீழே இருந்த 'ஆன்லைன்' அழிந்துபோனது.

"காட்டுதும்மா," என்றார். "நல்லா வேல செய்யுது."

அவள் நிம்மதியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்க்கத்தானே திறந்தாள், அவளை எப்படிக் குறை சொல்வது? வேம்புலி வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்து, மறுபடி போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இத்தனை மாசமும் அங்கம்மா கேட்கவில்லை, அதனால் பதில் இல்லை. இப்போது வந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். நான் எந்த வீட்டு ஆள் என்று கேட்டதையும் கேட்டாள். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள்.

இருட்டிய பிறகு மேலேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"எப்பவும் நீ இப்டிதான்டி," என்றார் பீரோவைப் பார்த்து. மைக்கை அவர் அழுத்தவில்லை.