அமாவாசைக்கு மறுநாள்

உத்திரமேரூர் ரைஸ் மில்லுக்கு அமாவாசை லீவு. மறுநாள் வேலைக்குப் போனால், பொழுது சாய்வதற்குள் பாஞ்சாலிக்கு மார் அடைத்துக்கொள்ளும். தவிடு கொட்டும் இடத்தில் உட்கார்ந்து சலிப்பவள் அவள். மூச்சை இழுத்தால் பாதிக்கு மேல் இறங்காது. உடம்பு அனலாய்க் கொதிக்கும். ஓரிரு நாளில் தானாகத் தணிந்துவிடும். அப்புறம் அடுத்த அமாவாசை வரைக்கும் ஒன்றுமில்லை.

"அமாவாசையும் அதுவுமா ஏரிக்கரைல சுள்ளி பொறுக்கிக்கினு வந்த இல்ல? ஏதோ தொத்திக்கினு கீது," என்றான் புருஷன் சேட்டு. திருப்புலிவனத்துப் பூசாரியைக் கூட்டிவந்து வேப்பிலை அடித்துத் தாயத்தும் கட்டவைத்தான். கட்டியும் நிற்கவில்லை. யாரோ நெஞ்சின் மேல் குந்தி அழுத்துகிற மாதிரியே இருந்தது. அமாவாசை கிட்டத்தில் வந்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

அந்த ஆடியில் எஞ்சின் பெல்ட்டு அறுந்துபோனது. பட்டணத்திலிருந்து புதுசு வரும்வரை மில் மூடிக் கிடந்தது. நடுவிலேயே அமாவாசையும் வந்தது. பாஞ்சாலி நெஞ்சில் கையை வைத்தபடி காத்திருந்தாள். வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

"பாத்தியாமே? பூசாரி கெட்டிக்காரன். சனியன் ஓடியே போச்சு!" என்று சேட்டு மீசையைத் தடவிக்கொண்டான்.

பெல்ட்டு வந்தது. எஞ்சின் ஓடிய முதல் நாள் சாயங்காலமே பழைய பாரம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அமாவாசை கழிந்து எத்தனையோ நாளாயிற்று. ஏரிப்பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. புகையாய்ச் சுழலும் தவிட்டுத் தூசியை நிமிர்ந்து பார்த்தாள்.

பக்கத்தில் முறத்தோடு இருந்தவள் கோவிந்தம்மாள், மில்லிலேயே பழைய ஆள்.

"யக்கா, இது பேயில்லக்கா. இந்தத் தூசிதான் அடைக்குது. லீவு உட்டுத் திரும்பி வந்து குந்துற அன்னிக்குத்தான் ஒடம்பு தாங்க மாட்டேங்குது."

"போடி இவளே! நீ வர்றதுக்கு முன்னாலருந்தே நான் இதத் துன்னுக்கினு கீறேன். ஒரு துண்டு வெல்லத்தக் கடிச்சிக்கோ, எறங்கிடும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, தரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். தினமும் பார்க்கிற கூத்துதான். இன்றைக்குத்தான் பாஞ்சாலி சலிப்பதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தாள்.

"யக்கா, உனக்கு இது எப்பருந்து?"

"எனக்கா?" கோவிந்தம்மாள் மூச்சைத் தேடிப் பிடித்தாள். "மொதல்ல அமாவாசைக்கு மறுநாள் மட்டும்தான் வரும். நானும் தாயத்து கட்டிக்கினேன்."

"அப்பறம்?"

"அப்பறம் அமாவாசை இன்னா, பவுர்ணமி இன்னா. தெனம்தான்."

பாஞ்சாலியின் கையிலிருந்து சல்லடை நழுவியது.

"இன்னாமே, தூங்குறியா?" என்று மேஸ்திரி கத்தினான்.

அவள் குனிந்து எடுக்கவில்லை. எழுந்து வெளியே நடந்தாள். எஞ்சின் சத்தம் காதில் விழாத தூரம் போய், புளியமரத்தடியில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். பாதிதான் இறங்கியது. மறுபடி இழுத்தாள்.