காதில் சொல்ல வேண்டியது

மாமியார் தோங்பாயின் காதுக்குள் மூன்று நாளாகப் ‘புத்தோ’ சொல்லிச் சொல்லி லமாய்க்குத் தொண்டை வறண்டுவிட்டது. கிழவி மூச்சை இழுக்கும்போது ‘புத்’, விடும்போது ‘தோ’. அடுத்த பிறவி கடைசி நினைப்பில் இருக்கிறது. அது புத்தர் பெயரைப் பிடித்துக்கொண்டால் நல்ல கதி. வயலை நினைத்துக்கொண்டே செத்தால் வயல் நண்டாகத்தான் பிறக்க வேண்டும் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். கிழவிக்கு நரகத்தைவிட நண்டுப் பிறவியை நினைத்தால்தான் பயம். எத்தனை நண்டை உரலில் போட்டு இடித்துப் பப்பாளிக்காயோடு தின்றவள்!

படுக்கையில் விழுந்த அன்றே லமாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நிறுத்திடாதடி. கண்ணசந்துடாத. உன்ன விட்டா எனக்கு ஆரு இருக்கா?”

அதைக் கேட்க அவளுக்குக் கூச்சமே இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன் லமாயின் அம்மா பக்கத்து ஊரில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது இங்கே அறுவடை. “கதிரு உதிருது, நீ பாட்டுக்குக் கெளம்புறியா? செத்தா சொல்லி அனுப்புவாங்க, அப்பப் போ” என்று அரிவாளைக் கையில் திணித்தவள் இதே கிழவி. சொல்லி அனுப்பினார்கள். லமாய் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் கண் வாசலைப் பார்த்தபடி திறந்து கிடந்தது. காதில் ஒரு சொல் சொல்ல ஆளில்லாமல் போனவள். அன்றிலிருந்து லமாய் மாமியாரை வெறுத்தாள். சோறு ஊட்டிக்கொண்டே, மலம் அள்ளிக்கொண்டே வெறுத்தாள்.

காலையில் கணவன் பிரசித் பிக்குவை அழைத்துவரக் கிளம்பினான். துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக் கம்ஸாய் அடுப்படிக்குப் போனாள். அறையில் இவர்கள் இருவர் மட்டும்.

லமாய் குனிந்தாள்.

“அத்தே, கேக்குதா? ஆத்தங்கரை வயல உங்க சின்ன மவன் வித்துட்டான். வரப்ப வெட்டிட்டாங்க. மண்ணடிக்க லாரி நிக்குது.”

அத்தனையும் பொய். ‘புத்தோ’வைத் தொடர்ந்துகொண்டிருந்த கிழவியின் உதடு நின்றது. கண் திறந்தது.

“எந்த… வயலு?”

“எங்கம்மாவப் பாக்க விடாம என்ன அறுக்க வெச்சீங்களே, அந்த வயலு.”

லமாய்க்கு நெஞ்சு குளிர்ந்தது. பதினோரு வருஷத்தில் அப்படிக் குளிர்ந்ததே இல்லை. நாலு மூச்சு தவிக்கட்டும், அப்புறம் புத்தோவுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். அதற்குமேல் போக அவளுக்கும் பயம்தான். மூன்று மூச்சு வந்தது. நாலாவதுக்காகக் காதோடு வாயை வைத்துக் காத்திருந்தாள். அது வரவில்லை.

“புத்தோ! புத்தோ! அத்தே, புத்தோ!”

சத்தம் கேட்டுக் கம்ஸாய் ஓடிவந்தாள்.

“கடைசி வரைக்கும் சொன்னியாடி?”

“சொன்னேன்க்கா.”

“புண்ணியவதி. பெத்த பொண்ணுகூட இப்படிப் பண்ணாது.”

சாயங்காலம், செத்தவளிடம் செய்த பிழைக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுப் பிணத்தின் வலது கையில் வாசனைத் தண்ணீர் ஊற்ற ஊரே வரிசையில் நின்றது. பூ வைப்பதற்காக விரல்களை நிமிர்த்தப் பார்த்தான் பிரசித். முடியவில்லை. எதையோ விடமாட்டேன் என்பதுபோல் கை இறுகிக் கிடந்தது. ஒவ்வொருவராக அந்த மூடிய கைமேல் ஊற்றிவிட்டு நகர்ந்தார்கள். பிறகு கிண்ணம் லமாயிடம் வந்தது.