கொட்டகைச் சுவரில் ஆடிய நிழல்கள்

பிரிக்பீல்ட்ஸில், ரயில் பாதையை ஒட்டி, தரை ஓடு விற்பவரின் கிடங்காக மாறிவிட்ட பழைய படக்கொட்டகையின் பின்புறச் சுவரை மாலை வேளையில் எவரும் பார்ப்பதில்லை. பார்க்கக் கூடாதென்று யாரும் விதித்ததில்லை. ஆனாலும் அந்த வட்டாரத்தில் மீறப்படாத விதி அது ஒன்றுதான். சுவருக்கு முன்னாலிருக்கும் வாகன நிறுத்துமிடத்தில் விளக்குகள் எரியத் தொடங்கியதும், ஒலிபெருக்கி ஏதுமின்றி ஒரு பாட்டு எழும். கிட்டாரும் ஆர்கனும் முன்னே வர, பின்னால் ஒரு பெண்குரல் கம்போடியர்களின் கெமர் மொழியில் பாடும். அங்கே நிற்பவர்களின் நிழல்கள் காலடியிலிருந்து கழன்று, தார்த்தரையைக் கடந்து, சுவரில் ஏறி, வரிசையாக வளையமிட்டு ஆடும். நிழலை இழந்தவர்கள் கைப்பேசியை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொள்வார்கள். பாட்டு முடிந்ததும் நிழல்கள் அவரவர் காலடிக்குத் திரும்பிவிடும். ஒருமுறைகூட இடம் மாறி வந்ததில்லை.

அந்த இடத்தைத் தவிர்க்கவும் வழியில்லை. சுற்றிலும் அடுக்குமாடிக் கொண்டோக்கள் எழுந்த பிறகு, மாலையில் நாற்காலி போட்டு உட்கார எஞ்சியிருந்த திறந்தவெளி அது ஒன்றே. லோகனின் தேநீர்க் கடை அங்கேதான் இருந்தது. நடைப்பயிற்சிப் பெண்கள் அங்கேதான் கூடினார்கள். பந்து விளையாட்டும் அரசியல் விவாதமும் அங்கேதான் நடந்தன. எனவே மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள், பார்க்காமலே இருந்தார்கள். ஆனால் சுவரில் ஆட்களைவிட நிழல்கள் அதிகம் என்பதும், மிகுதியானவை கொண்டையை உயர்த்திக் கட்டிய பெண்களும் காலகன்ற காற்சட்டை அணிந்த ஆண்களுமாக இருந்தன என்பதும், யாருடைய நிழலுக்கு அருகே யாருடைய நிழல் வருகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தன. பார்க்காதவர்களுக்கு இவை எப்படித் தெரிந்தன என்று ஒருவரும் கேட்டதில்லை. கணவர்கள் மனைவியரின் முகத்தைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினர். மனைவியர், கணவர்கள் எந்தப் பக்கம் நாற்காலி போடுகிறார்கள் என்பதைக் கவனித்தனர்.

“கூடுதலா சுத்துறாங்களே, அவங்களுக்கெல்லாம் பெர்மிட் இருக்கா?” என்று குடியிருப்போர் சங்கத் தலைவர் நாகையா ஒரு நாள் தேநீர்க் கடையில் பொதுவாகக் கேட்டார்.

“ஆளே இல்ல, யார புடிக்கிறது அண்ணே?” என்றான் லோகன். “வேணும்னா நீங்க போய் ஐசி கார்டு கேட்டுப் பாருங்க லா.”

பாட்டு முதன்முதலில் கேட்டது, கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாடு நீங்கிய ஆண்டில். புனிதாவின் சலவைக் கடையில் பொப்பா என்ற கம்போடியப் பெண் வேலைக்குச் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். சந்தேகத்துக்கு அதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை. அப்படியும் ஊர் பொறுத்திருந்தது. ஒரு மாலை பொப்பா மடக்கு மேசையொன்றைத் தூக்கி வந்து, வாகன நிறுத்துமிடத்தின் நடுவில் விரித்து, அதன்மேல் ஒரு சீப்பு வாழைப்பழமும் மஞ்சள் பூக்களும் இரண்டு புட்டி இனிப்புப் பானமும் வைத்துவிட்டுப் போனாள். பழம், பூ, நாற்சந்தி போன்ற இடம், அந்தி நேரம். தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செய்வினை என்று அன்றிரவே முடிவாயிற்று.

கிள்ளானிலிருந்து பூசாரி தம்புசாமி வரவழைக்கப்பட்டார். அவர் மேசையைச் சுற்றி மஞ்சள்நீர் தெளித்து, எலுமிச்சம்பழத்தைக் கையில் உயர்த்திய தருணத்தில் பாட்டு தொடங்கியது. அவருடைய நிழல், உயர்த்திய கையில் பழத்துடனேயே கழன்றுபோய், இரண்டு கொண்டைக்காரிகளுக்கு நடுவே இடம்பிடித்தது. பூசாரி நிழல் திரும்பும்வரை லோகனின் கடையில் அமர்ந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீர் ஒன்று குடித்தார். தட்சிணையைத் தொடாமல் கிளம்பிப் போனார்.

மறுநாள் நாகையா சலவைக் கடைக்கு வந்தார். “வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் புள்ளைய அனுப்பிடு, புனிதா. நல்லதுக்குத்தான் சொல்றேன். நீ தனியா இருக்கிற பொம்பள. ரெங்கசாமிக்கும் குடும்பம் இருக்கு. நாங்க வாயத் தொறந்தா நல்லா இருக்காது.”

கணவனை இழந்து கடையை ஒற்றை ஆளாக நடத்தி வந்தவள் புனிதா. ரெங்கசாமி, சாலாக் செலாத்தானில் மனைவியோடு வசித்துவந்த, வாகன நிறுத்துமிடத்தின் காவலாளி. துவைத்த சீருடையை வாங்கிப் போகும்போது நன்றி சொல்வதைத் தவிர அவளிடம் அவன் பேசியதில்லை. எனினும் சுவரில் அவள் நிழலுக்குப் பின்னால் எப்போதும் அவன் நிழலே வந்தது. அவளும் அதை அறிந்திருந்தாள். அறிந்த நாளிலிருந்து அவனுடைய சீருடையைப் பொப்பாவின் கையால்தான் கொடுத்தனுப்பினாள். பொப்பாவின் நிலைமை இன்னும் எளியது. வேலை போனால் தங்கும் அனுமதியும் போகும். கடைக்குப் பின்னாலிருந்த அறையைக் காலி செய்து அவள் நாடு திரும்ப வேண்டியதுதான்.

அன்று மாலை புனிதா கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டுக் கேட்டாள். “உண்மையச் சொல்லு. மேசையில என்னா வெச்ச?”

“வாழப்பழம், அக்கா.”

“அதுக்குள்ள என்னா?”

பொப்பா சற்று யோசித்தாள். “அதுக்குள்ளயும் வாழப்பழம்தான்.”

அதன்பின் இஸ்திரிப்பெட்டியை நிறுத்தாமலே, கடையில் கற்ற தமிழிலும் பாசார் மலாய் எனும் கடைத்தெரு மலாயிலும் அவள் சொன்னது இது. அவள் பிறந்தது கம்போடியத் தலைநகர் புனோம்பென்னில், ஒரு கைவிடப்பட்ட படக்கொட்டகையில். இருக்கைகளைப் பெயர்த்துவிட்டுப் பலகையால் தடுத்துப் பல குடும்பங்கள் அதில் வாழ்ந்தன. அவளுடைய வீடு மாடத்தில் இருந்தது. அங்கே ஓடிய படங்களில் பாடியவர்களையும் ஆடியவர்களையும் அவள் பிறப்பதற்கு முன்பே, நாட்டைப் பிடித்த ஆட்சியாளர்கள் வயல்களுக்குக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். பாட்டுகள் மட்டும் சுவரிலேயே தங்கி, மாலையில் ஒலித்துக்கொண்டிருந்தன. கட்டடம் இடிக்கப்பட்டபோது அவை எங்கே போயின என்று அவளுக்குத் தெரியவில்லை. இங்கே ஒரு கொட்டகைச் சுவரைக் கண்டு வந்திருக்கலாம்.

“நான் கூட்டி வரல, அக்கா. அவங்களா வந்தாங்க. எங்க ஊருல வட்டமா ஆடினா நடுவுல மேச வெப்போம், பூ, பழம் எல்லாம். இல்லன்னா எத சுத்துறது?”

புனிதா மடித்த துணியையே மீண்டும் மடித்தாள். “பின்னால யாரு வரணும்னு யாரு முடிவு பண்றது?” என்று கேட்டாள்.

“யாரும் இல்ல. வந்தவங்க வருவாங்க. தொடக் கூடாது. சுத்திப் போறது, அவ்ளோதான்.”

வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். தேநீர்க் கடையில் நாற்காலி போதாமல் சிலர் அங்கே நின்ற சரக்கு லோரியின் படியில் அமர்ந்திருந்தனர். ரெங்கசாமி தன் காவல்கூண்டை விட்டு வெளியே வரவில்லை. புனிதா பொப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்தாள்.

“அனுப்பலையா?” என்றார் நாகையா.

“இல்ல, அண்ணே.”

“அப்ப நாங்க பாத்ததச் சொல்ல வேண்டியதுதான்.”

“சொல்லுங்க. எப்ப பாத்தீங்க?”

நாகையா சுற்றிலும் பார்த்தார். உதவிக்கு வரக்கூடியவர்கள் அனைவரும் விளக்கு எரிவதற்கு முன்பே கைப்பேசியை எடுத்துவிட்டிருந்தனர். அவரும் எடுத்தார். அப்போது பாட்டு தொடங்கியது. நிழல்கள் கழன்று போயின. ஆளில்லாத நிழல்களும் எப்போதும்போல் வந்து சேர்ந்துகொண்டன.

புனிதா தன் கைப்பேசியை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, உடலை முழுவதுமாகத் திருப்பி, சுவரை நிமிர்ந்து பார்த்தாள். அதன் இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை, படம் பார்க்க வந்தவளைப்போல, அவசரமின்றிப் பார்த்தாள்.

“எனக்குப் பின்னால ரெங்கசாமி,” என்று தேநீர்க் கடைவரைக்கும் கேட்கும்படி சொன்னாள். “எனக்கு முன்னால நீங்க, நாகையா அண்ணே. நல்லாவே ஆடுறீங்க.”