நடுவில் ஒரு வரி

அப்பா இறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரைச் சிவமலர் தட்டச்சு செய்து முடித்திருந்தாள். அப்பா சீவரத்தினத்தின் படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம். கடைசிப் பக்கத்தில் பிள்ளைகள், வரிக்கு ஒருவராக.

யோகநாதன்.
குணேஸ்வரி.
சிவமலர்.

"நடுவுல உள்ளத எடு," என்றான் அண்ணன் யோகநாதன்.

"அவளும் மகதானே அண்ணா."

"பதினோரு வருசமா அப்பா அவகிட்டப் பேசல. அவரே சேத்துக்கல. புக்கு எப்படிச் சேத்துக்கும்?"

குணேஸ்வரி அக்கா காப்பார் என்ற ஊரில் இருந்தாள். தோட்டத் தொழிலாளர் குடும்பத்து லியனார்டைக் கிள்ளானில் ஒரு தேவாலயத்தில் மணந்த நாளிலிருந்து அவள் அப்பாவின் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குள் நுழைந்ததில்லை.

சிவமலர் அந்த வரியை எடுக்கவில்லை. டிஸ்கெட்டைச் செந்தூலில் இருந்த அச்சகத்துக்குக் கொண்டுபோனாள். அச்சகத்துக் கார்த்திகேசு அதைத் தன் கணினியில் திறந்தார். தமிழுக்குப் பதில் கோடும் புள்ளியுமாக வந்தது.

"என்ன சிஸ்டர், பூச்சி ஊருது?"

"எங்க ஆபீஸ்ல சரியா இருந்துச்சே அண்ணே."

"உங்க ஃபாண்ட் எங்கிட்ட இல்லலா. என்னோடத போட்டா பக்கமெல்லாம் ஓடிரும். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு வாங்க. எழுத்தும் உள்ளயே வந்துரும். வச்சது வச்ச இடத்துல நிக்கும்."

"அதுல யாராவது கை வைக்க முடியுமா?"

"எங்கிட்ட பார்க்கவும் பிரிண்ட் பண்ணவும்தான் வசதி. ஒரு கமாவைக்கூட நகத்த முடியாது."

அவள் வேலை செய்த வழக்கறிஞர் அலுவலகத்தில் பிடிஎஃப் ஆக்கும் மென்பொருள் இருந்தது. எழுத்துருவையும் சேர்த்துக் கோப்பாக்கினாள். தமிழ் எழுத்துருவே இல்லாத பக்கத்து மேசைக் கணினியில் திறந்து பார்த்தாள். எல்லாம் அப்படியே இருந்தது. மூன்று வரிகளும் இருந்தன. டிஸ்கெட்டைச் செந்தூலில் கொடுத்துவிட்டு, மூலக் கோப்பை அழித்தாள்.

மாலையில் அக்காவுக்குத் தொலைபேசினாள்.

"என் பேர் இருந்தா வரேன்," என்றாள் குணேஸ்வரி. "இல்லாட்டி அங்க வந்து யாருன்னு நிக்கிறது?"

"இருக்கு அக்கா. பூட்டி வச்ச மாதிரி. யாராலயும் எடுக்க முடியாது."

புத்தகங்களை அண்ணன் போய் எடுத்து வந்தான். முப்பத்தோராம் நாள் காலை, மண்டபத்தில் சிவமலர் பெட்டியைப் பிரித்தாள். கடைசிப் பக்கம். யோகநாதன். அடுத்து வெள்ளை. அதற்கடுத்து சிவமலர்.

மண்டப அலுவலகத்திலிருந்து அச்சகத்துக்குப் பேசினாள்.

"கம்ப்யூட்டர்ல தொடவே இல்ல சிஸ்டர்," என்றார் கார்த்திகேசு. "நகல் எடுக்க அடிச்ச முதல் தாள்ல, அந்தப் பேரு மேல வெள்ளப் பேப்பர் ஒட்டச் சொன்னாரு உங்க அண்ணன். கூடப் பொறந்தவராச்சேன்னு ஒட்டிட்டேன். கீழ் வரிய வெட்டி மேல ஏத்தவான்னு கேட்டேன். நேரமில்ல, யாரு பார்க்கப் போறான்னாரு."

கோப்பைப் பற்றி மட்டுமே அவள் யோசித்திருந்தாள். தாளைப் பற்றி யோசிக்கவில்லை.

வெளியே வந்தபோது லியனார்டின் கார் நின்றிருந்தது. குணேஸ்வரி வெள்ளைச் சேலையில் வாசலில் இருந்தாள். யாரோ அவள் கையில் ஒரு பிரதியைக் கொடுத்திருந்தார்கள். அவள் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

"அக்கா, நான் வச்சேன். சத்தியமா வச்சேன்."

"தெரியுது. இடம் இருக்கே."

சிவமலர் பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள். "எல்லாத்துலயும் எழுதிடுறேன். இருநூறுதான்."

குணேஸ்வரி பேனாவை வாங்கி மூடினாள்.

"எழுதாத. அப்படியே இருக்கட்டும்."

உள்ளே, முன்வரிசையில், அப்பாவோடு வேலை பார்த்த சண்முகரத்தினம் அங்கிள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"யோகா," என்றார் உரக்க. "நடுவுல ஒரு பேர் விழலையே?"

"பிரிண்டிங் ப்ராப்ளம் அங்கிள்."

"யார் பேரு?"

யோகநாதன் தன் கையிலிருந்த பிரதியை மூடினான். பக்கத்தில் இருந்தவர்களும் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்கள். வாசலில் குணேஸ்வரி உள்ளே வரச் செருப்பைக் கழற்றினாள்.