இடுப்பளவுத் தண்ணீர்

சம்பந்தி ரப்பர் உடையை முன்பின்னாக மாற்றிப் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தார். முதுகில் இருக்க வேண்டிய ஜிப் தொப்புளில் தொடங்கி மேலேறி, கழுத்துக்கு நாலு விரல் கீழே மூட முடியாமல் நின்றுவிட்டிருந்தது. மேசைக்குப் பின்னால், கடலுக்கடியில் முங்குகிறவர்கள் அணியும் முகக்கண்ணாடிகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்றார் அவர், வயிற்றை உள்ளே இழுத்தபடி.

அவளுடைய கொழுந்தன் சிரித்தான். "எங்க கடையில ஜிப்பை முதுகுப் பக்கம் வெச்சிருக்கோம் சம்பந்தி. வாங்க, மாத்திக்கலாம்" என்று, ஏதோ கடையின் கிறுக்குத்தனம் போல அதைச் சொல்லி, தோளில் கைபோட்டு அவரைத் திரும்ப அறைக்குள் கூட்டிப்போனான்.

சில உடைகளுக்கு ஜிப் முன்னால்தான் இருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர் முங்கிய காலத்தில் அப்படித்தான் இருந்ததோ என்னவோ. துடைத்த கண்ணாடியையே மறுபடி எடுத்துத் துடைத்தாள். வாசலில் சம்பந்தியம்மா நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகுத்துறையில் அவள் கணவர் காற்றுச் சிலிண்டர்களை ஒவ்வொன்றாகப் படகில் இறக்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மகளின் மாமனார் மாமியார் முதல்முறையாக வந்திருக்கிறார்கள். மருமகனுக்கு வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. அதனால் மகள்தான் அவர்களை அழைத்து வந்திருந்தாள். தன் வீட்டை அவர்களுக்குக் காட்டும் பெருமையில் காலையிலிருந்து அவள் நடை கூடத் துள்ளலாக இருந்தது.

பெண் பார்க்க வந்த அன்று நிலைமை வேறு. சம்பந்தியின் அண்ணன் சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "காத்தைப் புட்டியில அடைச்சு வாடகைக்கு விடுறீங்க, அதானே தொழில்?" என்று கேட்டார். அவள் கணவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். கூடமே இறுகிப்போயிருந்த அந்த நேரத்தில்தான் சம்பந்தி வாயைத் திறந்தார். "அண்ணா, உனக்கு அதைப் பத்தித் தெரியாது. நான் வாலிபத்துல கடலுக்கடியில போனவன். ஒரு தடவையா ரெண்டு தடவையா. அது வேற உலகம்." அதோடு பேச்சு திரும்பிவிட்டது. கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாறை, மீன், நீரோட்டம் என்று இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். சரியாகச் சொன்னால் கணவர் பேசினார், சம்பந்தி தலையாட்டினார். அன்று ராத்திரி படுக்கப்போகும்போது கணவர், "நம்ம பொண்ணு நல்ல இடத்துலதான் போய்ச் சேர்றா" என்றார். அவளும் அந்த மனிதரை மனதுக்குள் கும்பிட்டாள்.

இன்று படகு போகவிருந்தது பாறைச்சுவருக்கு. அங்கே கடலின் தரை ஓர் இடத்தில் சட்டென்று முடிந்துவிடும், அதற்குக் கீழே நீலம் மட்டும்தான். பழகியவர்களே அந்த விளிம்பில் ஒரு கணம் தயங்குவார்கள். போன பருவத்தில் பக்கத்துக் கடைக்கு ஒருவர் வந்தார். "இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றாராம். முங்கப் பயிற்சி எடுத்ததற்கு அத்தாட்சியாகத் தரப்படும் கார்டைக் கேட்கவில்லை, நம்பிக் கூட்டிப்போனார்கள். விளிம்பைத் தாண்டியதும் பயந்துபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டே மேலே பாய்ந்திருக்கிறார். உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிட்டது. உயிர் பிழைத்தார் என்றாலும், இப்போது மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார் என்று கேள்வி. அன்றிலிருந்து அந்தக் கடற்கரையின் கடைக்காரர்களுக்குள் ஓயாத வாக்குவாதம். கார்டு பார்ப்பதை எல்லாருக்கும் கட்டாயமாக்கி, மீறினால் படகை நிறுத்துவதா, அல்லது இதுவரை போல அவரவர் பொறுப்பில் விடுவதா என்று. இன்று சாயங்காலம் அதற்குத்தான் கூட்டம்.

கொழுந்தன் கட்டாயத்துக்கு எதிரி. தண்ணீருக்குள் அவ்வளவு நிதானமாக நகர்வதால் அவனை எல்லாரும் ஆமை என்பார்கள், ஆனால் சாப்பாட்டு மேசையில் வாதம் என்று வந்துவிட்டால் முயல்தான். "பொறுப்புங்கறது உள்ளேருந்து வரணும் அண்ணி. சட்டம் போட்டா கார்டைப் பார்ப்பாங்க, ஆளைப் பார்க்க மாட்டாங்க." அவளுக்கு அவனைப் போலப் பேச வராது. "ஆளைப் பார்த்தா எல்லாரும் ஆளாத்தான் தெரியறாங்க" என்று மட்டும் சொல்வாள். சட்டம் வந்தாலும் வராவிட்டாலும், தன் மேசையைத் தாண்டிப் படகுக்குப் போகிறவர்களிடம் அவள் கார்டைக் கேட்டுவிடுவாள். ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் முகம் சிவந்து திரும்பிப் போயிருக்கிறார்.

சம்பந்தி வருவது தெரிந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். மற்றவர்களைக் கேட்டுவிட்டு இவரைக் கேட்காமல் விட்டால்? மாமியார் உடைத்தால் மண்சட்டி என்கிற கதையாகிவிடும். கேட்டாலோ?

மகள் அவள் முகத்தைப் படித்துவிட்டாள். உள்ளே இழுத்துக்கொண்டுபோய், குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, தயவுசெஞ்சு அவர்கிட்ட கார்டு கிர்டுன்னு கேட்டு வெக்காத. அந்த வீட்ல எனக்காகப் பேசுற ஒரே ஆள் அவர்தான்."

"அதனாலதான்டி பயமா இருக்கு."

"சித்தப்பா கூடத்தானே போறார். சித்தப்பா பார்த்துக்க மாட்டாரா?"

பார்த்துக்கொள்வான். அவனைவிட நல்ல ஆள் இந்தக் கரையில் இல்லை. ஆனால் விளிம்புக்கு அப்பால் பயந்து உதறுகிற மனிதனைப் பிடித்து வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவனே சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். மகள் அவள் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு வெளியே வந்தாள்.

சம்பந்தி இப்போது ஜிப் முதுகில் இருக்க, மேசையின் முன் நின்றார். நெற்றியில் வியர்வை. "அப்ப கிளம்பலாமா தங்கச்சி?" என்றார்.

"அண்ணா, கார்டு கொண்டு வந்திருக்கீங்களா?"

கேட்டுவிட்டாள். கொழுந்தன் தலையைத் தூக்கினான். படகிலிருந்து வந்து வாசற்படியில் கால் வைத்த கணவர் அப்படியே நின்றார்.

"எங்க காலத்துல கார்டெல்லாம் ஏது?"

"இல்லாட்டி பரவாயில்லண்ணா. கரையோரமா இடுப்பளவுத் தண்ணியில கொஞ்ச நேரம் உட்கார்ந்து காட்டினாப் போதும். கண்ணாடிக்குள்ள தண்ணிய விட்டு மூக்கால ஊதி வெளியேத்தணும். வாயில இருக்கிற குழாயை எடுத்துட்டுத் திரும்ப வெக்கணும். எல்லாருக்கும் உள்ளதுதான்."

"எனக்குப் பரீட்சையா?"

"என்ன பேச்சு இது? விடு" என்றார் கணவர், அவளைப் பார்த்து.

"அண்ணி, நான் கூட இருக்கேன்ல" என்றான் கொழுந்தன்.

அவள் விடவில்லை. "நீங்க எல்லாரும் இருக்கீங்க. ஆனா அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் பொண்ணு முகத்தை நான் எப்படிப் பார்க்கறது? உட்கார்ந்து காட்டட்டும். இல்லைன்னா படகு வேண்டாம்."

சம்பந்தி மேசையை விட்டு விலகினார். கழுத்து வரை சிவந்து, அந்த ரப்பர் உடை கிறீச்சிட, பின்கதவு வழியாக வெளியேறினார். மகள் சுவரோடு சாய்ந்துகொண்டாள். அவள் அழுதிருந்தால் கூடத் தேவலை. சம்பந்தியம்மா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. கைப்பையின் வாரைச் சுற்றியிருந்த விரல்கள் தளர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பின்னால் காற்றடிக்கும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில், கவிழ்த்துப்போட்ட தொட்டி ஒன்றின்மேல் அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள், கேள்விக்காக இல்லாவிட்டாலும் அத்தனை பேர் முன்னால் கேட்டதற்காக. இரைச்சல் அடங்கிய அந்த அமைதியில் அவரே முந்திக்கொண்டார்.

"தங்கச்சி, எனக்கு நீச்சலே சரியா வராது."

அவளுக்கு உடனே புரியவில்லை.

"எங்க அண்ணன் அன்னைக்கு அப்படிக் கேட்டாரில்ல, உங்க வீட்டுக்காரர் முகம் சுருங்கிப்போச்சு. எனக்குப் பொறுக்கல. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அது அன்னைக்கோட போயிடும்னு நெனச்சேன். உங்க வீட்டுக்காரர் பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லி, என் சம்பந்தி கடலுக்கடியில போய் வந்தவர்னு... அப்புறம் எப்படி வாபஸ் வாங்கறது? இன்னைக்குக் காலையிலேர்ந்து யாராவது கேட்டுட மாட்டாங்களான்னு ஒவ்வொரு முகமாப் பார்த்துட்டே இருந்தேன். நீங்க கேட்டதும் சுள்ளுன்னு கோபம் வந்துச்சு. இங்க வந்து உட்கார்ந்ததும்தான் அப்பாடான்னு இருந்துச்சு."

அந்த விளிம்பும், அதற்குக் கீழே இருந்த நீலமும், நீந்தத் தெரியாத இந்த மனிதரும் ஒரே காட்சியாக அவள் கண்முன் வந்து போயின. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளையும் அவள் வீட்டையும் காப்பாற்ற ஒரு மனிதர் பொய் சொல்லியிருக்கிறார், அந்தப் பொய்க்காகவே சாகவும் கிளம்பியிருக்கிறார்.

"காதுவலின்னு சொல்லிடலாமாண்ணா? நான் சொல்றேன்."

"வேண்டாம்மா. ஒண்ணைச் சுமந்துட்டு அலைஞ்சதே போதும்."

கடைக்குள் வந்து நடுவில் நின்று, அவர் எல்லாரிடமும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. கணவர் அவரிடம் போய், அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார் சம்பந்தியம்மா வாசலிலிருந்து. "குளியலறையில தலைக்குத் தண்ணி ஊத்தினாலே மூக்கைப் பிடிச்சுக்கிற மனுஷன்."

"அப்ப ஏன் அத்தை சொல்லல?" என்றாள் மகள்.

"கட்டின புருஷனைச் சபையில விட்டுக்கொடுக்க முடியுமா? கடைன்னு ஒண்ணு இருந்தா கேட்கிறவங்க ஒருத்தராவது இருப்பாங்கன்னு நம்பித்தான் வந்தேன். உங்கம்மா கேட்காம விட்டிருந்தா, படகுல கால் வெக்கறப்ப நானே மயக்கம் போட்டு விழறதா இருந்தேன்."

மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு ஓடி வந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் ஈரமாவது அவளுக்குத் தெரிந்தது.

கொழுந்தன் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. "நான் ஜிப்பைப் பார்த்தேன் அண்ணி. பார்த்துட்டும் மாத்திப் போட்டு விட்டேன். சம்பந்தியாச்சே, எப்படிக் கேட்கறதுன்னு." பிறகு, "கட்டாயம்னு ஒண்ணு இருந்திருந்தா, சட்டம் கேக்குதுன்னு சொல்லியிருக்கலாம். உங்க தலையில விழுந்திருக்காது" என்றான்.

"கட்டாயம்னு தெரிஞ்சிருந்தா" என்றார் சம்பந்தி, உடையின் கழுத்தைத் தளர்த்திக்கொண்டே, "எங்கயாவது ஒரு கார்டைப் புடிச்சுட்டு வந்திருப்பேனோ என்னவோ. அவ்வளவு தூரம் மாட்டியிருந்தேன். தங்கச்சி முகத்தைப் பார்த்துத்தான் பொய் நிக்கல."

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டுமே சரியாகத்தான் பட்டது. சாயங்காலம் கூட்டத்தில் கையைத் தூக்குவதா வேண்டாமா என்பதைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

படகு பாறைச்சுவருக்குப் போகவில்லை. பிற்பகலில் எல்லாரும் கரையோரத்தில் இறங்கினார்கள். ரப்பர் உடையைக் கழற்ற மனமில்லை என்று சம்பந்தி சொன்னதால், கொழுந்தன் அவருக்குச் சிலிண்டரை மாட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் முழங்காலிட வைத்தான். மூச்சைப் பிடிக்கவே கூடாது, விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். முதல் தடவை முகம் நனைந்ததுமே அவர் துள்ளி எழுந்தார். அடுத்த தடவை கொஞ்ச நேரம் இருந்தார். அதற்கடுத்து தலை முழுக்க மறைந்தது. குமிழிகள் தட்டுத்தடுமாறி வந்து, பிறகு நிதானப்பட்டன.

திடீரென்று தண்ணீரிலிருந்து ஒரு கை எழுந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது. கொழுந்தன் பதறிப்போய் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான்.

"என்னாச்சு சம்பந்தி?"

அவர் குழாயை வாயிலிருந்து பிடுங்கினார். "நல்லாத்தானே இருந்தேன். நல்லா இருக்குன்னுதானே காட்டினேன். எதுக்குத் தூக்கினே?"

"தண்ணிக்குள்ள அதுக்கு அர்த்தம் மேல கூட்டிட்டுப் போன்னு. நல்லா இருந்தா இப்படி." ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினான்.

கரையில் சம்பந்தியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அதைக் கண்டுகொள்ளாமல், வளையத்தை ஒருமுறை காற்றில் போட்டுப் பார்த்துவிட்டு, குழாயைக் கவ்வி மறுபடி அமிழ்ந்தார். அவள் முழங்காலளவு நீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழிகள் வந்தன. கொஞ்சம் கழித்து அந்தக் கை வெளியே வந்தது, சொட்டச் சொட்ட, விரல்களை வளையமாக்கிக்கொண்டு. காட்டிவிட்டு இறக்கிவிட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது அப்படியே நின்றது, அதன் நடுவில் வட்டமாகக் கொஞ்சம் கடல் தெரிந்தது.